சம்பாவில் குலைநோய்: ரகத்தை மாற்றுவதா, மருந்தை நம்புவதா?

புரட்டாசியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் மதுரை மாவட்டத்தில் வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், மேலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் டீக்கடையில் ஒரே பேச்சுதான். இந்தத் தடவை என்ன நெல் போடுவது? சம்பா மசூரி என்கிற பி.பி.டி. 5204 போட்டால் அரிசி சன்னம், வியாபாரி களத்துக்கே வந்து நல்ல விலைக்கு எடுப்பார். ஆனால் மார்கழிப் பனியில், இலையையும் கதிரின் கழுத்தையும் தாக்கும் பூஞ்சாண நோயான குலைநோய் விழுந்துவிட்டால் விற்பதற்கு நெல் வேண்டுமே! நோயைத் தாங்கும் ரகம் போட்டால் ராத்திரி தூக்கம் வரும், மூட்டைக்கு விலை இறங்கும். இதற்கு நடுவில் விதை நேர்த்தி செய்தால் போதும் என்கிறார் ஒருவர். யூரியாவைக் குறை என்கிறார் இன்னொருவர். எதுவும் வேண்டாம், ரெண்டு தடவை மருந்து அடித்துவிடு என்கிறார் உரக்கடைக்காரர்.

இந்த நான்கு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பூஞ்சாணம் எந்த நேரத்தில் பலவீனமாக இருக்கிறதோ அந்த நேரத்தில் நம் காசும் உழைப்பும் இறங்க வேண்டும். நம்மில் பலர் அது இலைக்குள் போய் உட்கார்ந்த பிறகு செலவு செய்கிறோம். அதனால்தான் மருந்தும் வீண், விளைச்சலும் போச்சு என்று ஆகிறது.

சரி, அது எப்போது பலவீனமாக இருக்கிறது? அதற்கு அதன் பிழைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குலைநோயை உண்டாக்கும் பூஞ்சாணத்தைப் பைரிகுலேரியா ஒரைசே என்பார்கள், மாக்னபோர்தே ஒரைசே என்றும் எழுதுவார்கள். அது பரவுவதற்கு விடும் வித்து பேரிக்காய் வடிவத்தில் மூன்று அறைகளோடு இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் வந்து இலைமேல் ஒட்டும். இலையில் ஈரம் இருந்தால் சில மணி நேரத்திலேயே முளைத்துவிடும். முளைக்குழலின் நுனி உருண்டு ஒரு சின்னக் குமிழாகும். அந்தக் குமிழ் தன் சுவருக்கு மெலனின் என்னும் கரும்பொருளைப் பூசிக்கொண்டு, உள்ளே தண்ணீரை இழுத்து அழுத்தம் ஏற்றும். அந்த அழுத்தம் 80 வளிமண்டலம் வரை போகும். கார் டயரில் நாம் ஏற்றுகிற காற்றைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. அந்த வேகத்தில்தான் ஒரு மெல்லிய முனை இலையின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இதெல்லாம் நடந்து முடிய இலை விடாமல் எட்டுப் பத்து மணி நேரமாவது நனைந்தே இருக்க வேண்டும். 25 முதல் 28 டிகிரி வெப்பம் அதற்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதைவிடக் குளிர்ந்த இரவிலும் ஈரம் நீண்டுவிட்டால் வேலையை முடித்துவிடும். உள்ளே போனபின் நாலைந்து நாளில் புள்ளி தெரியும். ஒரு வாரத்தில் அந்தப் புள்ளியே வித்துகளைப் பறக்கவிடும், அதுவும் பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய நேரத்தில். ஒரு புள்ளி ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் விடும், அப்படியே ரெண்டு வாரம் வரைக்கும்.

ஆக, வெளியே ஈரமான இலைமேல் இருக்கும் அந்த ஓர் இரவுதான் அது தொட்டால் சாகிற நேரம். உள்ளே போய்விட்டால் அதை விரட்டுவது பெரும் பாடு.

அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவில் அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். காய்ந்த வைக்கோலிலும் தாளிலும் விதையிலும் அது உயிரோடு கிடக்கும். ஈரம் படாத வைக்கோலில் பூஞ்சாண இழைகள் மூன்று வருடம் வரை, வித்துகள் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் கட்டி மடக்கி உழுத தாளில் அதனால் நிற்க முடியாது. மற்ற நுண்ணுயிர்கள் அதை ஒழித்துவிடும். அதனால் தாளைக் கொளுத்த வேண்டிய அவசியமே இல்லை. தொழி உழவில் நன்றாக மடங்கி அழுகினால் அதுவே போதும். நான் பார்த்தவரையில் நம் ஊர்களில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாட்டுக்காக வைத்திருக்கும் வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலேயே, வீட்டுக்கு அருகில் காவலுக்கு வசதி என்று நாற்றங்காலைப் போடுகிறோம். போன தையில் நோய் வந்த வயலின் வைக்கோல் அது என்றால், நாற்று முதல் இலை விடும்போதே நோய்க்குப் பக்கத்து வீடு. அந்தப் படப்பை நகர்த்த முடியாது, நாற்றங்காலை நகர்த்தலாம். காசில்லாத காரியம் இது.

வரப்பில் நிற்கும் குதிரைவாலிப் புல், தண்ணீர்ப்புல் போன்றவற்றிலும் இந்தப் பூஞ்சாணம் தங்கும். புல்லில் இருக்கும் எல்லா வகையும் நெல்லைத் தாக்குவதில்லை என்றாலும் வரப்பைச் செதுக்கி வைப்பதில் நஷ்டமில்லை. இருபோகப் பகுதியில், அதாவது பெரியாறு கால்வாயில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும், இன்னொரு சங்கதி உண்டு. முதல் போகம் சில வயல்களில் இன்னும் நிற்கும்போதே அடுத்த வயலில் ரெண்டாம் போகத்து நாற்று பாவியிருக்கும். பழைய பயிரிலிருந்து புதுப் பயிருக்கு நோய் தாவ ஒரு வரப்புதான் இடைவெளி.

இப்போது வழிகளுக்கு வருகிறேன்.

விதை நேர்த்தியை விவாதத்துக்கே எடுக்க வேண்டியதில்லை, எந்த வழியில் போனாலும் அதைச் செய்துவிட வேண்டும். உப்புக் கரைசலில் போட்டு மிதக்கும் விதையை அள்ளிக் கொட்டிவிட்டு, மூழ்கியதை ரெண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி எடுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள், இல்லையென்றால் 2 கிராம் கார்பென்டாசிம் என்னும் பூஞ்சாண மருந்து. ரெண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நடவுக்கு முன்னால் சூடோமோனாஸ் கரைத்த தண்ணீரில் நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து நடுவதும் நல்ல பழக்கம். ஆனால் இது விதையோடு வரும் நோயையும் நாற்றங்கால் நோயையும்தான் பார்த்துக்கொள்ளும். மார்கழியில் அடுத்த ஊரிலிருந்து காற்றில் வரும் வித்துக்கு, ஐப்பசியில் விதைக்குப் பூசிய மருந்து என்ன செய்யும்? விதை நேர்த்தி செய்தும் நோய் வந்துவிட்டதே என்று சூடோமோனாஸைத் திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது தழைச்சத்து. என் மனசில் இதற்குத்தான் முதல் இடம். யூரியாவைக் கூடுதலாகத் தின்ற பயிரின் இலை கருகருவென்று, மெத்தென்று, தொங்கலாக இருக்கும். பார்க்க அழகு. அந்த இலையின் தோலைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு, உள்ளே பூஞ்சாணத்துக்கு வேண்டிய தழைச்சத்து அதிகம். தூர் அடர்ந்து காற்று நுழையாததால் பனியும் சீக்கிரம் காயாது. துளைக்கச் சுலபமான தோல், நிறையச் சாப்பாடு, நீளமான ஈரம், மூன்றையும் நாமே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம்.

மத்திய வயது, நீண்ட வயது ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுவான அளவு எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 60 கிலோ. அடியுரமாக டி.ஏ.பி. ஒரு மூட்டை போட்டால் அதிலேயே 9 கிலோ வந்துவிடும், மீதிக்கு 45 கிலோ யூரியா மூட்டை ரெண்டரை போதும். அதையும் நாலு தவணையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கை தாராளமாகப் போகிறது. இந்த விலையில் இன்னொரு மூட்டை போட்டால் என்ன என்று தோன்றும். அந்த இன்னொரு மூட்டைக்குப் பின்னால் மருந்துச் செலவு வரிசையாக வருகிறது என்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அட்டையில் நாலாவது பச்சைக்குக் கீழே வெளுத்தால் மட்டும் போடு, இல்லையென்றால் பொறு, அவ்வளவுதான் கணக்கு. வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாவது பச்சை.

இதில் நான் ஒரு படி மேலே போவேன். பி.பி.டி. மாதிரி நோய்க்கு வளைந்து கொடுக்கும் ரகம் என்றால், கதிர் வரும் சமயத்துத் தவணை யூரியாவை வானம் பார்த்துத்தான் போட வேண்டும். மூடாப்பும் தூறலும் பனியுமாக இருந்தால் அந்தத் தவணையை விட்டுவிடுவதே நல்லது. மணி கொஞ்சம் இளைக்கலாம், கதிரே பதராவதற்கு அது பரவாயில்லை. பொட்டாஷைக் குறைக்கக் கூடாது. இலையில் புள்ளி ஏற்கனவே தெரிந்துவிட்டால், நோய் அடங்கும்வரை யூரியா மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

தண்ணீரும் இதோடு சேர்ந்ததுதான். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலைவிடக் காய்ந்து காய்ந்து நனையும் வயலில் குலைநோய் வேகமாகப் பிடிக்கும். கால்வாயின் கடைமடையில், முறை வைத்துத் தண்ணீர் வாங்கும் மேலூர்ப் பக்கத்து ஒருபோக வயல்களுக்கு இது பெரிய சோதனை. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே ரகம், ஒரே உரம் போட்டாலும் நோயின் அளவு ஒன்றாக இருக்காது.

ரகத்துக்கு வருவோம். நிரந்தரமான வழி இதுதான் என்று சொல்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. 1919இல் தஞ்சாவூர் டெல்டாவில் இந்த நோய் பெரிய அளவில் அழிவு செய்தபிறகுதான் இந்தியாவில் இதைத் தீவிரமாகக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நோய் தாங்கும் கோ 4 ரகத்தைப் பெற்றோராக வைத்துக் கோ 25 போன்ற ரகங்களைக் கோயம்புத்தூரில் உருவாக்கினார்கள். இன்றைக்கும் கோ 47, ஐ.ஆர். 20, ஐ.ஆர். 64, ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 39, ஏ.எஸ்.டி. 18 ஆகியவை ஓரளவாவது தாங்கும் ரகங்கள் என்றும், நோய்க்காலத்தில் ஐ.ஆர். 50, டி.கே.எம். 6 ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. இவற்றில் சம்பாவுக்கு ஏற்ற வயதும் ஓரளவு சன்ன அரிசியும் சேர்ந்து வருவதில் ஒன்று ஏ.டி.டி. 39. பி.பி.டி.யின் விலை அதற்குக் கிடைக்காது, ஆனால் மோட்டா ரகமாக விலை விழுந்தும் போகாது.

ரெண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி' என்று ஒரு விதை இருக்கிறது. அது தாங்குவது பாக்டீரியா இலைக்கருகலை. அதற்காகத்தான் மூன்று மரபணுக்களை ஏற்றினார்கள். குலைநோய் பூஞ்சாணத்தால் வருவது, இது வேறு சண்டை. 'நோய் எதிர்ப்பு பி.பி.டி.' என்று யாராவது விற்றால் எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று கேட்டு வாங்குங்கள். ரெண்டாவது, இந்தப் பூஞ்சாணத்தில் பல இனங்கள் உண்டு, மாறிக்கொண்டும் இருக்கும். இன்றைக்குத் தாங்குகிற ரகம் சில வருடங்களில் தாங்காமல் போகலாம், உலகம் முழுக்க இது நடந்திருக்கிறது. அதனால் ஊரே ஒரே ரகத்தைப் பத்து வருடம் போடுவதும் நல்லதல்ல.

கடைசியாக மருந்து. இதை நான் கெட்ட வார்த்தையாக நினைக்கவில்லை. நேரம் தவறினால் மட்டும்தான் அது வீண். குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்கிளசோல் மருந்து என்ன செய்கிறது? முன்னால் சொன்ன அந்தக் குமிழின் சுவருக்கு மெலனின் பூசவிடாமல் தடுக்கிறது. பூச்சு இல்லாத சுவர் அழுத்தத்தைத் தாங்காது, இலையைத் துளைக்க முடியாமல் வித்து அப்படியே மடிந்துபோகும். பூஞ்சாணத்தை அது நேராகக் கொல்வதில்லை, வாசலில்தான் மறிக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டால் எப்போது அடிப்பது என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். கதிர் வெளுத்தபிறகு அடிக்கிற டிரைசைக்கிளசோல் அந்தக் கதிருக்கு ஒன்றும் செய்யாது.

கதிரின் கழுத்தில் விழும் கழுத்துக் குலைநோய்க்குச் சரியான நேரம் ரெண்டு: தொண்டைக் கதிரில், அதாவது கதிர் வெளியே வராமல் உறைக்குள் பருத்து நிற்கும்போது ஒரு தடவை, நூற்றுக்கு ஐந்து பத்துக் கதிர் எட்டிப் பார்க்கும்போது இன்னொரு தடவை. டிரைசைக்கிளசோல் 75 சத நனையும் தூள் என்றால் ஏக்கருக்கு 200 கிராம் வரை என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. டப்பாவின் சீட்டில் இருக்கும் அளவைத் தாண்டக் கூடாது. ஐசோபுரோத்தியோலேன், அசாக்சிஸ்ட்ரோபின் போன்ற மாற்றுகளும் உண்டு. அசாக்சிஸ்ட்ரோபின் வகை மருந்தையே திரும்பத் திரும்ப அடித்த ஜப்பானில் அதற்கு மசியாத பூஞ்சாணம் கிளம்பிவிட்டது, ஆகவே மாற்றி மாற்றி அடிப்பது நல்லது. இன்னொன்று, 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்கிளசோல் எச்சத்தின் வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தது. நம் நெல் மதுரைச் சந்தைக்குத்தான் போகிறது என்றாலும் அதைச் சாப்பிடுவது நம் பிள்ளைகள். அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளியை விட்டே ஆக வேண்டும்.

மருந்துக்குப் போவதற்கு முன் நோய் இதுதானா என்று பாருங்கள். குலைநோய்ப் புள்ளி ரெண்டு முனையும் கூராகக் கண் மாதிரி இருக்கும், நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. எள் மாதிரி முட்டை வடிவத்தில், சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இலை முழுக்கச் சீராகத் தெளித்தது போல் இருந்தால் அது செம்புள்ளி நோய். சத்துக் குறைந்த மண்ணில், முக்கியமாகப் பொட்டாஷ் பற்றாத இடத்தில் வரும். கதிர் வெளுத்து நின்றால் அதைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். குருத்துப்பூச்சி என்றால் கையோடு வந்துவிடும், அடியில் புழு கடித்த இடம் தெரியும். குலைநோய் என்றால் லேசில் வராது. கதிரின் கழுத்தை விரலால் துடைத்துப் பாருங்கள், முதல் கணுவுக்குப் பக்கத்தில் கரும்பழுப்பு வளையம் இருக்கும், அந்த இடத்தில் வளைத்தால் பட்டென்று ஒடியும். இது தெரியாமல் குருத்துப்பூச்சிக்குப் பூஞ்சாண மருந்தும், பூஞ்சாணத்துக்குப் பூச்சி மருந்தும் அடித்த வயல்கள் நிறைய.

அப்போ யாருக்கு எது? தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் தலைமடையில், சொந்த நிலத்தில், தினமும் வயலுக்குப் போகிறவர் பி.பி.டி. போடலாம். தழைச்சத்தைக் கட்டுப்படுத்தி, தொண்டைக் கதிர் சமயத்து மருந்துக்கு முன்கூட்டியே காசு ஒதுக்கிவிட்டு இறங்க வேண்டும். அந்தக் காசு ஒதுக்க முடியாதவர் அந்த ரகத்தில் இறங்கக் கூடாது. ட்ரோன் கிடைக்கிற ஊரில் இது கொஞ்சம் சுலபம், சரியான ஒருநாளைத் தவறவிடாமல் அடித்து முடித்துவிடலாம்.

குத்தகைக்கு எடுத்து, மூட்டைக் கணக்கில் குத்தகை அளக்கிறவருக்கு நான் அந்த ரகத்தைச் சொல்லவே மாட்டேன். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவர் அளந்தாக வேண்டும். விலை நூறு இருநூறு குறைந்தாலும் தாங்கும் ரகம்தான் அவருக்குக் காப்பு. கடைமடை வயலுக்கும் அப்படித்தான். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு நிழல் விழும் வயலும், சிறுமலை அடிவாரத்தில் காலை எட்டு மணிக்கும் பனி காயாத வயலும் அதே கணக்கு. அங்கே ஈரம் நிற்கிற நேரம் கூடுதல், மருந்தை எவ்வளவு சரியான நேரத்தில் அடித்தாலும் ஒரு படி பின்தங்கியே ஓட வேண்டியிருக்கும்.

ஏற்கனவே பி.பி.டி. நட்டாகிவிட்டது, கார்த்திகையும் பிறந்துவிட்டது என்பவர்களுக்கு: இந்த வாரமே காலையில் பனி காய்வதற்குள் வயலுக்குள் இறங்கி, ஓரத்தை விட்டு நடுவில் பத்துப் பதினைந்து இடத்தில் இலையைப் பாருங்கள். கண் வடிவப் புள்ளி கண்ணில் பட்டால் யூரியாவை நிறுத்தி, தண்ணீரைக் கட்டி, மருந்தை உடனே அடியுங்கள். புள்ளி இல்லையென்றால் இப்போது அடிக்க வேண்டாம். அந்தப் பணத்தைத் தொண்டைக் கதிருக்கு வைத்திருங்கள். கதிர் எட்டிப் பார்க்கும் வாரத்தில் மூடாப்பாக இருந்தால், மழைக்கு நடுவில் நாலைந்து மணி நேர வெயில் கிடைத்தாலும் அன்றைக்கே அடித்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.